கடைசிப் பரீட்சைக்கு முந்திய வருஷம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், பத்தாவது தேறிய பிள்ளைகளைப் பிளஸ் ஒன் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தாய் தகப்பன்மார் பள்ளிக்கூட வாசல்களில் காத்து நிற்பதைப் பார்க்கின்றோம். சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவுடன், "அப்பாடா, இனி இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று உட்கார்ந்து விடுகின்றார்கள். இந்த "இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்கின்ற எண்ணந்தான் நமது பிள்ளைகளில் அநேகருடைய வாழ்வைக் கெடுத்துவருகின்றது என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

பிளஸ் டூ பரீட்சை என்றால் வீடே நடுங்குகின்றது. டெலிவிஷன் பெட்டிக்குத் துணி போடுகிறார்கள். உறவினர் வந்தால் முகம் சுளிக்கிறார்கள். பேனாவையும் ஹால் டிக்கட்டையும் கொண்டுபோய்ச் சாமியின் காலடியில் வைத்துப் பூசை செய்து வாங்கி வருகிறார்கள். ஆனால் அதற்கு முந்திய வருஷத்தைச் சீந்துவாரில்லை. உண்மையில் பார்க்கப்போனால், பிள்ளை எந்தப் பக்கம் போகப் போகின்றது என்பது பெரும்பாலும் அந்த முந்திய வருஷத்திலேயே முடிவாகிவிடுகின்றது. மார்ச்சு மாதப் பரீட்சை அந்த முடிவின்மேல் முத்திரை குத்துகின்றது, அவ்வளவுதான்.

1978ஆம் வருஷம் முதற்கொண்டு, கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருஷ மேல்நிலைப் படிப்பை நமது மாகாணத்தில் வைத்தார்கள். நாளாவட்டத்தில் பணம் வாங்கும் பள்ளிக்கூடங்களில் பல, பிளஸ் ஒன் பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைத்தன. இதைத் தடுக்கவே 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை ஏற்பட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் அதிகம் என்று 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அது எடுக்கப்பட்டுவிட்டது. பரீட்சையை எடுத்ததை நாம் குறை கூற வரவில்லை. பயமுறுத்தித்தான் படிக்க வைக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயமும் அல்ல. ஆனால், பரீட்சை போய்விட்டது என்பதற்காக அந்த வருஷமே போய்விட்டதாக எண்ணினால் நஷ்டம் யாருக்கு? நீட் பரீட்சையில் கேட்கும் கேள்விகள் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் போன பிள்ளை முதல் வருஷக் கணக்கில் தடுமாறுகிறதென்றால், அநேகமாய் அது பிளஸ் ஒன்னில் விட்டுப்போன கணக்காகவே இருக்கும்.

நிற்க, இந்த நஷ்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் வருவதில்லை என்பதே நாம் முக்கியமாய்ச் சொல்ல வேண்டியது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாமன் ஒரு பாங்கியில் இருக்கிறார். சித்தப்பன் ஒரு காலேஜில் இருக்கிறார். எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பம், எந்தச் சர்டிபிகேட் எங்கே கிடைக்கும் என்கின்ற சங்கதிகள் எல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடுகின்றன. நெசவு செய்கிறவர், கல் உடைக்கிறவர், சுமை தூக்குகிறவர் ஆகியவர்களுடைய பிள்ளைக்கு இந்தப் பேச்சு எங்கே கிடைக்கும்? ஆகவே, ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஒரே மார்க்கு வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவன் காலேஜுக்கும், மற்றவன் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். இது புத்தியில் உள்ள வித்தியாசமா? சங்கதி தெரிந்தவர் வீட்டில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசமே அல்லவா? இதைத்தான் நமது மக்கள் "தலையெழுத்து" என்கிறார்கள்.

1953ஆம் வருஷத்தில், கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்திலும், மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் கழிக்கவேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அது குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்க்கப்பட்டு, 1954இல் கைவிடப்பட்டது. அன்று சர்க்கார் உத்தரவினால் நிலைக்கமாட்டாமல் போன காரியத்தை, இன்று நமது அசட்டையினால் நாமே நடத்திக் கொடுக்கலாமா என்று கேட்கின்றோம்.

சரி, என்னதான் செய்வது? முதலாவது, காகிதங்கள். நாம் நேரில் அறிந்த சங்கதி ஒன்று: ஒரு கொத்தனாருடைய மகள் நல்ல மார்க்கு வாங்கினாள். பத்தாவது மார்க்குப் பட்டியலில் அவள் பேருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்து வேறு, ஜாதிச் சர்டிபிகேட்டில் இருந்த எழுத்து வேறு. இதைத் திருத்துவதற்காகத் தகப்பனார் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தார். திருத்தம் வந்தது. ஆனால் விண்ணப்ப நாள் போய்விட்டது. அந்தப் பெண் பன்னிரண்டு வருஷப் படிப்பில் தோற்கவில்லை. ஒரே ஒரு எழுத்தில் தோற்றாள். பிளஸ் ஒன் வருஷத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மார்க்குப் பட்டியல், ஆதார் அட்டை, ஜாதிச் சர்டிபிகேட், பாங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்குமா?

ஜாதி ஒழியவேண்டும் என்கிறவர்கள் ஜாதிச் சர்டிபிகேட் வாங்கச் சொல்லலாமா என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். வியாதி இருக்கும்வரை மருந்துச் சீட்டு வேண்டியதுதான் என்பதே நமது பதில். வீட்டில் பட்டதாரியே இல்லை என்றால், முதல் பட்டதாரிச் சர்டிபிகேட் வாங்கவேண்டும். அதைக் காட்டினால் தொழிற் படிப்புகளுக்குச் சம்பளத்தில் சலுகை உண்டு. இவைகளுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். வருமானச் சர்டிபிகேட் மாத்திரம் நாட்பட்டால் செல்லாதாகையால், அதைக் காலமறிந்து வாங்கவேண்டும். ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கென்று உள்ள உதவித் தொகை காலேஜில் அல்ல, பிளஸ் ஒன்னிலேயே ஆரம்பமாகின்றது என்பதும் அநேகருக்குத் தெரியாது.

இரண்டாவது, பள்ளிக்கூடம் மாற்றுகிற பைத்தியம். பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளையைச் சர்க்கார் பள்ளியிலிருந்து எடுத்து, கடன் வாங்கி, கோழிப்பண்ணை போல் அடைத்துப் படிக்கவைக்கும் விடுதிப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். டாக்டர் படிப்பில் 2020இலும், இன்ஜினீயரிங் முதலிய படிப்புகளில் 2021இலும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 சதவிகித இடம் ஒதுக்கப்பட்டது. பிறகு காலேஜுக்குப் போகும் பெண்களுக்கு 2022இலும், பையன்களுக்கு 2024இலும் மாதம் ரூ.1,000 கொடுக்கும் திட்டங்கள் ஏற்பட்டன. இவைகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது முடிய அப்பள்ளிகளில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை. ஐந்து வருஷம் அங்கே படித்துவிட்டு ஆறாவது வருஷத்தில் வெளியே போகிற பிள்ளை, கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டுக் கடனையும் வாங்கிக்கொண்டு போகின்றது. மாற்றுமுன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்துவிடுமா?

மூன்றாவது, வழிகளைத் தெரிந்துகொள்ளுதல். நமது ஊர்களில் டாக்டர், இன்ஜினீயர் என்கின்ற இரண்டு வார்த்தைகளுக்குமேல் படிப்புக்குப் பேர் கிடையாது. இன்ஜினீயரிங் சேர்க்கைக்குக் கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200க்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதையாவது பிளஸ் ஒன்னில் சொன்னால், எந்தப் பாடத்தில் உழைப்பது என்று பிள்ளைக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அதை முடித்தவன் இன்ஜினீயரிங்கிலும் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வக்கீலாக விரும்பும் பிள்ளை பிளஸ் டூ முடிந்தவுடன் ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்குப் போகலாம். கணக்குத் தணிக்கைத் தொழிலுக்குரிய முதற் பரீட்சையையும் பிளஸ் டூவுக்குப்பின் எழுதலாம். நர்ஸ் படிப்பு இருக்கின்றது, விவசாயப் படிப்பு இருக்கின்றது, ஐ.டி.ஐ. இருக்கின்றது. பணம் இல்லையே என்றால், கல்விக் கடன் ரூ.4 லட்சம் வரையில் ஈடு கேட்காமல் கொடுக்கவேண்டும் என்பது பாங்கிகளுக்குள்ள விதி. தாலியை அடகு வைக்குமுன் பாங்கிக்குப் போய்க் கேட்க வேண்டாமா?

இவற்றில் எது தன் பிள்ளைக்கு ஏற்றது என்று தெரிந்துகொள்ளப் பிள்ளையைக் கேட்காமல் ஜோசியனைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜாதகத்தில் பத்தாமிடம் தொழிலைச் சொல்லுமாம். பையனின் பத்தாமிடத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, பையனின் பத்தாவது மார்க்குப் பட்டியலைப் பார்க்கத் தெரியுமா? எதில் அவனுக்கு ஆசை, எதைச் செய்யும்போது பசி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியாததா? அவனை லீவு நாளில் ஒரு காலேஜுக்கு, ஒரு ஒர்க்ஷாப்புக்கு, ஒரு கோர்ட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினால் ஜோசியனுக்குக் கொடுக்கும் பணம் பஸ்ஸுக்குப் போதும்.

நான்காவது, பெண் பிள்ளைகளின் சங்கதி. பிளஸ் ஒன்னில் பெண்ணுக்கு வயது பதினாறு. அந்த வயதிலேயே பல வீடுகளில் ஜாதகம் வெளியே போக ஆரம்பித்துவிடுகின்றது. பதினெட்டுக்குமுன் கல்யாணம் செய்வது 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பது தெரிந்து, பிளஸ் டூ முடிந்து பதினெட்டு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். பதினெட்டு என்பது அதற்குமுன் கூடாது என்று போட்ட வேலியே ஒழிய, அன்றைக்கே முடித்தாகவேண்டும் என்று வைத்த கெடு அல்ல. தன் காலில் நிற்கும் சம்பாத்தியம் வருமுன் ஒரு பெண்ணை இன்னொருவன் சோற்றில் உட்காரவைப்பது அவளுக்குச் செய்யும் நன்மையாகுமா?

ஐந்தாவது, பரீட்சையில் வராத பாடங்கள். பாங்கியில் பணம் போட்டு எடுக்கவும், கடன் பத்திரத்தில் உள்ள வட்டியைக் கணக்குப் பார்க்கவும், தனியே ரயில் ஏறிப் போய்வரவும், படித்துப் பாராமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதும் பிளஸ் ஒன் பிள்ளைக்குத் தெரியவேண்டும். பதினேழு வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று 2022 முதல் ஏற்பாடு இருக்கின்றது. சோறாக்கவும் துணி துவைக்கவும் பெண்ணுக்கு மாத்திரமல்ல, ஆணுக்கும் தெரியவேண்டும். நாளைக்கு வெளியூர் விடுதியில் இருக்கப் போகிறவன், தன் வயிற்றுக்குத் தான் ஆக்கத் தெரியாமல் இருப்பது ஆண்மைக்கு அடையாளமா? அன்றியும், மார்க்குக் குறைந்தால் உலகம் முடிந்துபோவதில்லை, தவறினாலும் அதே வருஷத்தில் துணைப் பரீட்சை எழுதலாம் என்பதை ரிசல்ட்டு வந்தபின் அழுதுகொண்டு சொல்லாமல், ஒரு வருஷத்துக்கு முன்பே சிரித்துக்கொண்டு சொல்லிவைக்க வேண்டும்.

"எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, நாங்கள் எப்படி இதெல்லாம் செய்வது?" என்று தாய் தகப்பன்மார் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அதற்கு ஊர்தான் பதில் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் நோட்டுப் போட்டு, யார் எவ்வளவு என்று தலைமுறை தலைமுறையாய் மறவாமல் எழுதிவைக்கத் தெரிந்த ஊருக்கு, பிளஸ் ஒன் பிள்ளைகளின் பேரை ஒரு நோட்டில் எழுதி, யாருக்கு எந்தச் சர்டிபிகேட் வந்தது, யாருக்கு வரவில்லை, யாருக்கு எந்தப் படிப்பில் ஆசை என்று குறித்துவைக்கத் தெரியாதா? ஊரிலிருந்து காலேஜுக்குப் போன வாலிபர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்திலோ டீக்கடைத் திண்ணையிலோ உட்கார்ந்து, தாங்கள் வந்த வழியைத் தம்பி தங்கைகளுக்குச் சொன்னால் போதாதா? மாமன் இல்லாத பிள்ளைக்கு ஊரே மாமனாய் இருப்பதைவிடப் பெரிய சீர் வேறு என்ன செய்துவிட முடியும்?

ஆகவே தோழர்களே! அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம். அடுத்த வருஷம் பரீட்சைக்கு உரியது. இந்த வருஷமே பிள்ளையின் வாழ்வுக்கு உரியது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே நோட்டைப் போட்டு, உங்கள் தெருவில் உள்ள பிளஸ் ஒன் பிள்ளைகளின் பேர்களை எழுத ஆரம்பியுங்கள். யாருடைய பேரும், ஜாதி பார்த்தோ கட்சி பார்த்தோ ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்தோ விட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.