பருவுக்கு மாத்திரையா என்று கேட்கும் பெற்றோருக்கு

"வயசுப் பிள்ளைக்குப் பரு வரத்தான் செய்யும். இதுக்குப் போய் டாக்டரா?"

இப்படிச் சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இரண்டு மூன்று பரு தலைகாட்டி மறைகிற முகத்தைப் பற்றி நான் பேசவில்லை. தாடையிலும் கன்னத்திலும் முதுகிலும் ஆழத்தில் கட்டி கட்டியாகப் புடைத்து, தலையணையில் சாய்ந்தாலே வலித்து, சீழும் இரத்தமுமாக உடைந்து, ஆறும்போது குழி விட்டுப் போகும் பருவைப் பற்றிப் பேசுகிறேன். அது நோய். அதற்கு மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கும் பிள்ளைக்கும் குறுக்கே பல வீடுகளில் நிற்பது பெற்றவர்கள்தான். அதனால்தான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் என்ன செய்கிறோம்? "உடம்பு சூடு" என்கிறோம். வெந்தயம் ஊற வைத்துக் கொடுக்கிறோம், சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கிறோம், வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துப் புண்ணாக்குகிற வீடும் உண்டு. பஜ்ஜி தின்றதால் வந்தது, ராத்திரி முழித்து போன் பார்த்ததால் வந்தது, முகம் சரியாகக் கழுவாததால் வந்தது என்று பிள்ளை மேலேயே பழியைப் போடுகிறோம். பையனாக இருந்தால் கெட்ட எண்ணத்தால் வந்தது என்று சொல்லவும் கூசுவதில்லை. உண்மையில், பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன் தோலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகிறது. எண்ணெய் மிகுந்து, துவாரம் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி, சுற்றிலும் வீங்குகிறது. சர்க்கரை மிகுந்த சாப்பாட்டுக்கும், ஜிம்முக்குப் போகிற பையன்கள் கலக்கிக் குடிக்கும் பால்புரதப் பொடிக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் கடும் பருவுக்குப் பெரும்பாலும் பரம்பரையே காரணம். பிள்ளையை ஏசுவதற்கு முன்னால் உங்கள் கல்லூரிக் காலப் புகைப்படத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

வீட்டு வைத்தியம் தோற்ற பிறகு மருந்துக்கடை. கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து நீட்டுகிறார். தடவிய சில நாளிலேயே சிவப்பு அடங்கி, முகம் வெளுத்துப் பளபளக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். அத்தை பெண்ணுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கிறாள். அந்தக் களிம்பில் இருப்பது பல சமயம் வீரியம் கூடிய ஸ்டீராய்டு. மாதக் கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் சிவப்புக் கோடாகத் தெரியும். பெண் பிள்ளைக்குக் கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் பரு முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பும், எரிச்சல் தாங்காமல் பிள்ளை மறுபடி அதையே தடவும். இப்படிக் கெட்ட முகங்களை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இவ்வளவு பார்த்ததால்தான் இதற்கென்றே தனியாக ஒரு பெயர் வைக்க வேண்டிவந்தது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் வாங்குகிற கை நம்முடையதாக இருக்கும்வரை அந்தப் பட்டியலால் என்ன பயன்?

இத்தனைக்கும் பிறகு, குழி விழுந்த முகத்தோடு தோல் மருத்துவரிடம் போகிறோம். அவர் ஐசோட்ரெட்டினோயின் என்று எழுதுகிறார். அங்கேதான் நமக்குத் திடீரென்று அக்கறை பொங்குகிறது. "பருவுக்கு மாத்திரையா? சைடு எஃபெக்ட் இருக்குமே?" முகம் தெரியாத களிம்பை இரண்டு வருஷம் பூசியபோது இந்தக் கேள்வி எங்கே இருந்தது?

கேள்வி கேட்பது தப்பில்லை. கேட்டுவிட்டு பதிலைக் காது கொடுத்துக் கேட்காமல் எழுந்து வருவதுதான் தப்பு. இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. அமெரிக்காவில் கேரி பெக் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கட்டிப் பரு கொண்ட 14 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1979-இல் முடிவை வெளியிட்டார்கள். 13 பேருக்குப் பரு முழுவதும் மறைந்திருந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் அந்தக் குணம் நீடித்தது. அதுவரை எந்த மருந்தும் அப்படிச் செய்ததில்லை. 1982-இல் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுவதால் அடைப்பும் கிருமியும் வீக்கமும் சேர்ந்தே அடங்குகின்றன. சிலருக்குப் பிறகு திரும்ப வரும், இரண்டாவது சுற்று தேவைப்படும். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி இதை எடுத்த பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். ஏறக்குறைய எல்லோரும் முதலில் சொல்வது உதடு. முதல் சில வாரத்திலேயே உதடு வறண்டு வெடித்து, சிரித்தால் இரத்தம் கசியும். பென்சில் பெட்டியிலும் சட்டைப் பையிலும் வாசலின் இருக்கும். மூக்கு உள்ளே காய்ந்து சில காலையில் இரத்தம் வரும். கண் உறுத்தும், கான்டாக்ட் லென்ஸ் போட முடியாது. வெயில் சுள்ளென்று உறைக்கும். விளையாடும் பையனுக்கு முதுகும் மூட்டும் வலிக்கும். இரவு வண்டி ஓட்டுகிறவனுக்கு இருட்டில் பார்வை மங்கலாம். அப்படி மங்கினால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றில் பெரும்பாலானவை மருந்து முடிந்ததும் போய்விடும். இரத்தக் கொழுப்பும் ஈரல் என்சைம் அளவும் சிலருக்கு ஏறுவதால்தான் தொடங்கும் முன்பும் இடையிலும் இரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். "காசு பிடுங்குற டெஸ்ட்" என்று அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

இவை எதையும்விடப் பிள்ளைகளைக் கலங்கடிப்பது முதல் மாதம். சிலருக்குப் பரு குறைவதற்கு முன்னால் கூடும். உள்ளே இருந்ததெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தாற்போல முகம் சிவந்து போகும். மருத்துவர் இதை முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீடு வரும். "என்னடி, மாத்திரை சாப்பிட்டு முகம் இன்னும் கெட்டுப் போச்சு!" என்று ஒரு சித்தி பந்தியிலேயே சொல்வாள். அன்று ராத்திரியே மாத்திரை அட்டை குப்பைக்குப் போகும். ஒரு உறவுக்காரியின் வாய்க்குப் பயந்து மருத்துவத்தை நிறுத்துகிற பெற்றோர் எத்தனை பேர்! அந்தப் பிள்ளை மருந்தின் மோசமான மாதத்தை மட்டும் அனுபவித்துவிட்டு, பலனைப் பார்க்காமலே நிற்கிறது.

பரு அடங்கியதும் நிறுத்துகிறவர்கள் இன்னொரு வகை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் உள்ளே போக வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் குறைந்தது 6,000 மில்லிகிராம். நாளுக்கு 20 மில்லிகிராம் என்றால் 300 நாள். மருத்துவர் ஒவ்வொருவருக்கும் இதைக் கூட்டியோ குறைத்தோ முடிவு செய்வார். "முகம் நல்லாத்தான் இருக்கே" என்று மூன்றாம் மாதம் நீங்கள் முடிவு செய்ய முடியாது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. விரதம், பரீட்சை அவசரம் என்று பட்டினியோடு விழுங்கிவிட்டுக் "குணமே தெரியல" என்றால் குற்றம் மாத்திரை மேல் இல்லை.

மனச்சோர்வு பற்றிய பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இருக்கட்டும். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளிலேயே அந்த எச்சரிக்கை உண்டு. பிள்ளையின் பேச்சு குறைந்தால், தூக்கம் கெட்டால், அழுதுகொண்டே இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். முன்பே மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். ஆனால் தராசின் மறு தட்டையும் பாருங்கள். நார்வேயின் ஆஸ்லோ நகரில் 18, 19 வயதுள்ள 3,775 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பரு மிகக் கடுமையாக இருந்தவர்களிடம் தற்கொலை எண்ணம், பரு இல்லாத அல்லது கொஞ்சமே உள்ளவர்களோடு ஒப்பிட்டால், பெண்களிடம் இரண்டு மடங்கும் ஆண்களிடம் மூன்று மடங்கும் இருந்தது. மாத்திரை மனதைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிற நாம், வைத்தியம் பார்க்காத பரு அந்த மனதை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டதே இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மாறியது ஏன்? குடும்பப் படம் எடுக்கும்போது நழுவுவது ஏன்? கோடையில் முழுக்கைச் சட்டை எதற்கு? மாஸ்க்கை இன்னும் கழற்றாதது எதற்கு?

பெண் பிள்ளையைப் பெற்றவர்களிடம் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டும். இந்த மருந்தின் மிகப் பெரிய ஆபத்து ஒன்றே ஒன்று. இதை எடுக்கும் காலத்தில் கருத்தரித்தால் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை எல்லாம் கடுமையாகப் பாதிக்கப்படலாம். கரு கலைந்தும் போகலாம். ஒரு மாத்திரை போட்டிருந்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் கருத்தரிக்கக்கூடிய பெண் யாராக இருந்தாலும் கர்ப்பப் பரிசோதனை செய்து பதிந்த பிறகே மருந்து கொடுக்கிறார்கள். 2006 முதல் அந்த ஏற்பாடு கட்டாயம்.

நம் ஊரில் இது இரண்டு விதமாகக் கோணலாகிறது. மாத்திரை போட்டால் "பிற்காலத்தில் குழந்தையே பிறக்காது" என்று சிலர் பயந்து மகளுக்கு வைத்தியமே வேண்டாம் என்கிறார்கள். அது பிழை. மருந்து ஒரு மாதத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். நிறுத்தி ஒரு மாதம் கழிந்த பிறகு உண்டாகும் கர்ப்பத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. மகளின் கருப்பையும் கெடாது, மகன் எடுத்தால் அவனுக்குக் குழந்தை பிறக்கும் திறனும் கெடாது. இன்னும் சிலரோ, கல்யாணத்துக்குள் முகம் தெளிய வேண்டும் என்று அவசரமாக மாத்திரையைத் தொடங்கி, பத்திரிகை அடித்த பிறகும் நிறுத்தாமல், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அட்டையைச் சேலை மடிப்பில் வைத்து அனுப்புகிறார்கள். நாள் தள்ளிப் போன பிறகு அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? நீங்கள் ஒளித்த ஒரு அட்டைக்காகத் தாயாகப் போகிறவள் அந்தத் திகிலைத் தனியாகச் சுமக்கலாமா? கல்யாணப் பேச்சு எழுந்தவுடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு வழி சொல்வார், அல்லது தேதிக்குப் போதுமான இடைவெளி விட்டு முடித்துக் கொடுப்பார்.

மருத்துவர் "கர்ப்பமாக வாய்ப்பு உண்டா?" என்று கேட்டதும் "எங்க பொண்ணப் பாத்து என்ன கேள்வி இது!" என்று சீறுகிற தகப்பன்மாரே, அவர் உங்கள் வளர்ப்பைச் சந்தேகிக்கவில்லை. எல்லாப் பெண்களிடமும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. நீங்கள் சீறியதும் அவர் தயங்குவார், மகள் தலைகுனிவாள், சொல்ல வேண்டிய ஒன்று இருந்தாலும் சொல்லாமல் விடுவாள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருப்பதும் முகத்தில் முடி வளர்வதும் சினைப்பை நீர்க்கட்டியின் அடையாளமாக இருக்கலாம், பருவின் வேரும் அங்கே இருக்கலாம். அதையும் அவள் உங்கள் முன்னால் பேசமாட்டாள்.

மீந்த மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காதீர்கள். காய்ச்சல், தொண்டை வலி என்று வேறு மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரை ஓடுகிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் வகை மருந்து கூடவே சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறித் தாங்க முடியாத தலைவலியும் பார்வைக் கோளாறும் வரலாம். வைட்டமின் ஏ மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் கூடவே வேண்டாம். கல்லூரியில் இரத்ததான முகாம் நடந்தால் மருந்து ஓடும்போதும் முடிந்து ஒரு மாதம் வரையிலும் உங்கள் பிள்ளை கொடுக்கக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். நண்பர்கள் முன்னால் மறுக்கக் கூச்சப்படுவான், வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

இந்த மாதமே தோல் மருத்துவப் படிப்பு படித்த ஒருவரிடம் நேரம் வாங்குங்கள். தனியார் கட்டணம் கட்டாதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் வரிசையில் நில்லுங்கள். இதுவரை பூசிய டியூப் அத்தனையும், அட்டைப் பெட்டி கிழிந்திருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். பிள்ளையிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.