‘லேப்தானே, சும்மா கிடக்கும்!’

நாய்க்குட்டி விற்பவர்கள் பல வருடங்களாக ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். ‘லேப்ரடார் பரமசாது. ஃப்ளாட்டுக்குப் பொருத்தம். போட்டதைத் தின்னும். பராமரிப்பே வேண்டாம். முதன்முதலாக நாய் வளர்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’ வாங்கியவர்களும் அக்கம்பக்கத்தில் அதையே ஒப்பிக்கிறார்கள். இதில் ஒன்றுகூட முழு உண்மையில்லை. நம்பி ஏமாறுபவர் மனிதர், அவதிப்படுவது நாய்.

முதலில் ‘பரமசாது’. இந்த இனத்தின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்தவை. உறையவைக்கும் கடலில் குதித்து, வலைக் கயிற்றையும் நழுவிய மீனையும் கவ்வி வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய், சுட்டு வீழ்த்திய பறவைகளை எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. நம் நாட்டிலும் 1993 மும்பை குண்டுவெடிப்புகளின்போது 3,000 கிலோவுக்கும் அதிகமான வெடிமருந்தை மோப்பம் பிடித்துக் காட்டிய போலீஸ் நாய் ஜஞ்சீர் ஒரு லேப்ரடார்தான். சும்மா கிடக்கும் நாயையா காவல் துறை தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கிறது? கடிக்காது என்பது வேறு, ஆட்டம் போடாது என்பது வேறு. இரண்டு வயது வரை செருப்பு, சோபா, சார்ஜர் ஒயர் எதையும் விட்டுவைக்காது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் லேப்கள் அமைதியாக இருக்கின்றனவே என்பார்கள். அந்த அமைதி, நீண்ட பயிற்சியும் தினசரி வேலையும் தந்தது.

அடுத்தது ‘ஃப்ளாட்டுக்குப் பொருத்தம்’. வீட்டின் பரப்பளவு பெரிய விஷயமே இல்லை. 30 கிலோ எடையுள்ள ஒரு வேட்டைத் துணை நாயை, காலையும் மாலையும் பத்து நிமிடம் கீழே இறக்கி, மூத்திரம் போனதும் மேலே ஏற்றிவிடுவதுதான் கொடுமை. வளர்ந்த லேபுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டமும் நடையும் வேண்டும். குளிர்கடலுக்கான இரட்டை ரோமம் கொண்ட அது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சென்னையின் மே மாதத்தில் வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து. விடியுமுன் எழுந்து கூட்டிப்போக முடியாதவருக்கு இந்த நாய் எப்படிப் பொருந்தும்?

‘போட்டதைத் தின்னும்’ என்பதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. ஆம், தின்னும். ஏன் என்று கேட்டவர் உண்டா? 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி சொல்வதில் பங்குள்ள ‘பிஓஎம்சி’ என்ற மரபணுவில் ஒரு துண்டு, ஏறத்தாழ நான்கு லேப்களில் ஒன்றுக்கு விடுபட்டிருக்கிறது. அந்த நாய்க்கு உணவின் மேல் நாட்டம் அதிகம். அது ஏக்கத்தோடு நம் தட்டைப் பார்க்கிறது. நாம் டீயோடு பிஸ்கட்டும், மதியம் தயிர்சாதமும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பும் போடுகிறோம். கொழுகொழுவென்று இருக்கிறது என்று பெருமை வேறு.

அந்தப் பெருமை என்ன செய்யும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. பியூரினா நிறுவனம் 48 லேப் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போட்டதில் கால்பங்கு குறைத்து மற்றொன்றுக்குப் போட்டு, வாழ்நாள் முழுக்கக் கவனித்தது. 2002இல் முடிவு வெளியானது. அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் குறைத்துத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பாசம் என்று நினைத்துக் கூடுதலாகப் போடும் அந்தக் கால்பங்கு, நாயின் ஆயுளில் ஏறக்குறைய இரண்டு வருடத்தைத் தின்றுவிடுகிறது! இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் ஏற்கெனவே அதிகம். அதன்மேல் பத்து கிலோ கொழுப்பையும் ஏற்றினால் எந்தக் கால் தாங்கும்? ‘எங்க லேப் எவ்வளவு சாது பாருங்க, எழுந்திருக்கவே மாட்டான்’ என்று மெச்சப்படும் நாய்களில் பல, வலியால் எழ முடியாமல் படுத்திருப்பவை. விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலில் தட்டுப்படவில்லை என்றால், நீங்கள் குணம் என்று கொண்டாடுவது நோயை.

‘பராமரிப்பே வேண்டாம்’ என்பவர் வருடம் முழுக்க உதிரும் ரோமத்தையும், தொங்கும் காதில் ஈரம் தங்கி வரும் சீழையும் பார்த்ததே இல்லை.

‘முதன்முதலாக வளர்ப்பவருக்கு ஏற்றது’ என்று சொல்லும் விற்பனையாளர்களில் சிலரே, 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளை மீறி, எட்டு வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். அவர்கள் சொல்லும் அறிவுரைக்கு வேறு என்ன மதிப்பு?

லேப் அருமையான நாய். அதற்கு வேலை வேண்டும். பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லுங்கள், நீந்த விடுங்கள், ஒளித்து வைத்ததை மோப்பம் பிடிக்க விடுங்கள், சாப்பாட்டை அளந்து போடுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் வாங்க வேண்டாம். அது தெரிந்தும் பொய் சொல்லி அவர்கள் தலையில் ஒரு குட்டியைக் கட்டுபவர்கள் நாய் வியாபாரத்தையே விட்டுவிடட்டும்.