26 ஆல் வகுத்தவர்கள்

எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் சென்ற வெள்ளிக்கிழமை ஒரு சின்னச் சண்டை நடந்தது. பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப்பேர் வழக்கம்போல் பிறந்தநாள் கேக் படங்களுக்கு நடுவில் தவறவிட்டிருப்பீர்கள். ரோபோடெப்ட் பற்றி நான் ஏதோ எழுதப்போக, சிட்னியில் மென்பொருள் வேலை செய்கிற என் மாணவன் ஒருவன் (கேத்திரகணிதத்தில் 90க்குக் குறைய எடுக்காதவன்) "சேர், அது கொம்பியூட்டர் விட்ட பிழை. இப்ப சிஸ்டம் எல்லாம் நல்லா முன்னேறிட்டுது" என்று பதில் போட்டான். அதற்குக் கீழே பதினொரு பெருவிரல்கள்.

எனக்கு 78 வயது. மெல்பேர்ணுக்கு வந்து 36 வருடம். பெருவிரலால் சண்டை பிடிக்க இன்னும் பழகவில்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன். பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் ஊரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லவேண்டும். இங்கே வேலை இல்லாதவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் சென்டர்லிங்க் என்கிற அரச பகுதி இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுப்பனவு கொடுக்கும். அந்த இரண்டு கிழமையில் நீங்கள் ஏதும் உழைத்திருந்தால் அதைச் சொல்லவேண்டும். அதற்கேற்பக் காசு குறையும். நியாயமான ஏற்பாடு. 2015 வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய அரசு ஒரு யோசனை கொண்டுவந்தது. வரித் திணைக்களத்திடம் ஒவ்வொருவரின் வருட வருமானம் இருக்கிறது. அதை எடுத்து 26 ஆல் வகு. ஒவ்வொரு இரண்டு கிழமையும் அவர் அவ்வளவு உழைத்தார் என்று வைத்துக்கொள். அவர் சொன்ன கணக்கோடு ஒத்துவராவிட்டால் கடன்காரன் என்று கடிதம் அனுப்பு.

இப்போது என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையை உயர்த்தவேண்டும். சராசரி பாடத்தை நான் எப்படித் தொடங்குவேன்? மற்ற ஊர் வாத்திமார் ஆற்றின் சராசரி ஆழத்தைச் சொல்லித் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் ஆற்றுக்கு எங்கே போவது? வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான் ஆறு. ஆகவே நான் மழையை எடுப்பேன். எங்களுக்கு வருகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். வருட மழையை 12 ஆல் வகுத்து, "மாதம் தவறாமல் இவ்வளவு மழை பெய்தது, பிறகேன் ஆனி மாதம் வெங்காயத்துக்கு மெஷின் வைத்துத் தண்ணி இறைத்தாய்?" என்று உங்கள் அப்பாவிடம் கேட்டால் என்ன சொல்லுவார் என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். பின்வாங்கில் இருந்து அந்த அப்பா சொல்லக்கூடிய சொல்லையே சொன்னவனும் உண்டு. அவன் இதை வாசிப்பான், அவனுக்குத் தெரியும்.

அவுஸ்திரேலிய அரசாங்கம் அந்தக் கேள்வியைத்தான் லட்சக்கணக்கான பேரிடம் கேட்டது. ஒரு பெட்டை ஆறு மாதம் வேலையில்லாமல் கொடுப்பனவு எடுக்கிறாள். அடுத்த ஆறு மாதம் வேலை. இரண்டு கிழமைக்கு 2,000 டொலர். 13 தரம் சம்பளம், மொத்தம் 26,000. வகுத்தால் 1,000. உடனே கடிதம்: நீ கொடுப்பனவு எடுத்த காலம் முழுக்க இரண்டு கிழமைக்கு 1,000 உழைத்து மறைத்திருக்கிறாய். இல்லை என்றால் நீயே நிரூபி. ஐந்து வருடத்துக்கு முந்திய சம்பளச் சீட்டைக் கொண்டுவா. அந்தக் கபே பூட்டி முதலாளி ஊரை விட்டே போயிருந்தால் அது உன் பாடு. கட்டாவிட்டால் கடன் அறவிடும் தனியார் கம்பனி கோல் எடுக்கும். வருகிற வரி மீளளிப்பையும் பிடித்துக்கொள்வார்கள்.

தம்பி, இதில் கொம்பியூட்டர் எங்கே பிழை விட்டது? 26,000ஐ 26 ஆல் வகுத்தால் 1,000. அது சரியாகத்தான் வகுத்தது. வகுக்கச் சொன்னது யார்?

ஒருவருக்கும் தெரியாமல் நடந்தது என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். 2014 முடிவிலேயே, திட்டம் அமைச்சரவைக்குப் போக முந்தியே, சமூக சேவைத் திணைக்களத்தின் சொந்தச் சட்டத்தரணிகள் இப்படிச் சராசரி போட்டுக் கடன் எழுப்பச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அமைச்சரவைக்குப் போன தாளில் அந்த எச்சரிக்கை இருக்கவில்லை. 2017 இல் இருந்து மேன்முறையீட்டு நியாயசபையும் இந்தக் கணக்குச் செல்லாது என்று முடிவு சொல்லத் தொடங்கியது. திணைக்களம் அவற்றை எதிர்த்து மேலே போகவில்லை. முதற்கட்ட முடிவுகள் அப்போது வெளியிடப்படுவதில்லை. மேலே போயிருந்தால் நாடே வாசித்திருக்கும். வாயை மூடிக்கொண்டு கடிதம் அனுப்புவதைத் தொடர்ந்தார்கள். 2019 நவம்பரில் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்கு முற்றியபோதுதான், ஆம், சட்டத்தில் இடமில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது.

2020 மே மாதம் 470,000 கடன்களுக்காக 721 மில்லியன் டொலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். இந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது இரண்டரைக் கோடி சொச்சம். அரச விசாரணை ஆணைக்குழுவின் முன்னால் இரண்டு தாய்மார் வந்து, கடன் கடிதம் வந்தபின் உயிரை மாய்த்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். அதை நான் நேரலையில் பார்த்தேன். மனுசி வந்து ரீவியை நிற்பாட்டிவிட்டுப் போய்விட்டா.

ஆணையாளர் கத்தரின் ஹோம்ஸ் 2023 ஜூலையில் அறிக்கையைக் கொடுத்தார். முரட்டுத்தனமான, கொடூரமான, நியாயமும் சட்டமும் இல்லாத திட்டம் என்று எழுதினார். 57 பரிந்துரைகள். சில பேரின் பெயர்களை மேல்நடவடிக்கைக்கு அனுப்பிய அத்தியாயத்தை மட்டும் முத்திரையிட்டு வைத்தார்கள். பிறகு அரச சேவை விசாரணை ஒன்று 12 அதிகாரிகள் நடத்தை விதியை 97 தடவை மீறியதாகக் கண்டது. 2025 செப்டெம்பரில் இன்னும் 475 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்க அரசு இணங்கியது. நல்லது, கொடுக்கவேண்டியதுதான். ஆனால் அந்தக் காசு யாருடைய பொக்கற்றில் இருந்து போகிறது? பின்னேரம் ரயில்வே நிலையம் துப்பரவாக்கிவிட்டு வரி கட்டுகிறவளின் பொக்கற்றில் இருந்து. தேர்தலன்று நான் சொசேஜ் பாணுக்கு வரிசையில் நின்றுவிட்டு வாக்குப் போட மறந்தால் எனக்கு 20 டொலர் அபராதம், பெயர் விலாசத்தோடு வீட்டுக்கு வரும். சொந்தப் பொக்கற்றில் இருந்து ஒரு சதம் கட்டிய அமைச்சர் யாரும் இருந்தால் கீழே எழுதுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன்.

நான் இந்த நாட்டைப் பழிக்கிறேன் என்று மருமக்கள் யாரும் கோபிக்கவேண்டாம். 1909 இலேயே முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கிய நாடு இது. என்ன, அந்தச் சட்டத்தில் ஆசியர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இன்று அதே ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு நான் இதை எழுதுகிறேன், ஆகவே திருந்தாத நாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழைகளின் கணக்கை அரசு எழுதும்போது பிழை எப்போதும் ஒரே பக்கத்துக்குச் சாய்வதைப் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் பூர்வகுடிக் கூலியாட்களின் சம்பளத்தைத் தலைமுறைக் கணக்காக அரசே வாங்கி வைத்திருந்தது. 2019 இல்தான் 190 மில்லியன் டொலருக்கு அந்த வழக்கில் இணங்கினார்கள். அதை எழுதியது பேனையாலும் மையாலும். அப்போது கொம்பியூட்டர் இருக்கவில்லை, தம்பி.

"பொறி எழுத முதல் யாரும் கேட்டிருக்கலாமே" என்று நீ சொல்லலாம். கேட்டார்கள். சென்டர்லிங்கிலேயே வேலை செய்த ஒரு பெண், பெரிய பதவி ஒன்றும் இல்லை, இது சனங்களிடம் திருடுவது போன்றது என்று 2017 இல் திணைக்களத் தலைமைக்கே எழுதினார். பதில் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. ஆணைக்குழு பிறகு அவரைப் பாராட்டியது. உங்களில் எத்தனையோ பேர் இன்று வங்கிக்கும் காப்புறுதிக்கும் அரசுக்கும் இப்படியான பொறிகளை எழுதுகிறீர்கள். "ஸ்பெக்கில அப்பிடித்தான் இருந்தது சேர்" என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம். ஸ்பெக்கை வாசிக்கிற அளவுக்குக் கணக்குப் படிப்பித்துத்தான் அனுப்பினேன்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறதா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1987 இல், வடமராட்சியில் சண்டை நடந்த வருடம், என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை குடும்பத்தோடு இடம்பெயர்ந்ததால் இரண்டாம் தவணைச் சோதனைக்கு வரவில்லை. முதலாம் தவணை 48. மூன்றாம் தவணை 45. நடுவில் நான் பூச்சியம் போட்டேன். கூட்டினால் 93, மூன்றால் வகுத்தால் 31. பாஸ் 35. வகுப்பேற்றவில்லை. தகப்பன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, "மாஸ்டர், பிள்ளை எழுதாத சோதனைக்கு எப்படிப் புள்ளி போட்டீங்கள்?" என்று கேட்டார். இடாப்பைத் திறந்து காட்டி, "இதில அப்பிடித்தான் இருக்கு" என்றேன். இடாப்பில் இருந்தது என் கையெழுத்து. அடுத்த தவணை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை.

எழுதிய இரண்டுக்கும் மட்டும் வகுத்திருந்தால் 46.5 வரும். நேற்று இரவு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் யாருக்கும் அவ இப்போது எங்கே என்று தெரிந்தால், இதை அவவுக்கு அனுப்பிவிடுங்கள்.