இலந்தைக்கு ஒரு குழி

தை பிறந்தால் மும்பைக் கடைவீதிகளில் இலந்தை குவியும். சங்கராந்தி முதல் ரத சப்தமி வரை மராத்தி வீடுகளில் போர்னஹான் என்னும் குழந்தைச் சடங்கு நடக்கும். கறுப்புச் சட்டை போட்ட குழந்தையின் தலையில் இலந்தையும் பொரியும் கொட்டுவார்கள். சுற்றியிருக்கும் வாண்டுகள் பாய்ந்து பொறுக்கும்.

அந்தப் பழம் மும்பையின் செம்பூர்க் குடியிருப்பு வளாகத்திலேயே காய்க்கலாமே! அழகுப் பனைகளுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒட்டுக்கட்டிய உம்ரான் ரக இலந்தைக் கன்று ஒன்று போதும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் காய்ப்பு கூடும். வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். ஆனால் கவாத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால், கோடையில் இலையுதிர்ந்து நிற்கும்போதே கிளைகளைத் தயங்காமல் வெட்டிவிட வேண்டும். பழ ஈ தாக்கி உதிர்ந்தவற்றை உடனுக்குடன் பொறுக்கி அழிக்க வேண்டும்.

நெருக்கடியான தாராவியிலும் வெயில் விழும் மாடி கிடைத்தால், பெரிய டிரம்மில் ஆப்பிள் இலந்தை வளரும்.