நிலைப்படியும் பரீட்சையும்

இயன்முறை மருத்துவம் பயிலும் மாணாக்கருக்குப் பரீட்சைக் காலம் நெருங்குங்கால், பக்கவாதத்தின்பின் நேரும் சமநிலைக் குறைவைப் பற்றிய வினா எப்படியும் வருமென்று ஆசிரியரும் எதிர்பார்ப்பர், மாணாக்கரும் எதிர்பார்ப்பர். உடனே யாவர் நாவிலும் எழுவது பெர்க் அளவுகோல். கனடா நாட்டுக் காதரின் பெர்க் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வளவுகோலில் 14 செயல்கள் உள, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், முழுத்தொகை 56. இதனை நாம் இகழ்வோமல்லோம். வேலூரில் ஒருவர் குறித்த எண்ணைக் கிருஷ்ணகிரியில் உள்ளவரும் அவ்வாறே பொருள்கொள்ளக் கூடுமாயின் அது சிறு நன்மையன்று.

ஆயினும், சிங்காரப்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் வாழும் உழவரை எண்ணிப் பார்ப்போம். இடப்பக்கம் சோர்ந்த அவர் பாயினின்று எழவேண்டும், நிலைப்படி தாண்டவேண்டும், குந்தியிருந்து காலைக்கடன் முடிக்கவேண்டும், வரப்பின்மேல் நடக்கவேண்டும். அப்பதினான்கனுள் தரையிற் கிடக்கும் பொருளை எடுத்தல் உண்டு. தரையினின்று எழுதல் இல்லை. நாற்காலியினின்று எழுதல் உண்டு. நடத்தலோ அறவே இல்லை. நல்ல மதிப்பெண் பெற்று வீடு திரும்பியவர் நிலைப்படி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவாராயின், அவ்வெண்ணால் யாது பயன்?

நிற்க. கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் மூளையிற் கூடியே நம்மை நிமிர்த்தி நிறுத்துகின்றன என்று ஒப்புவித்தல் எளிது. சில நோயாளரோ நல்ல கையினால் தம்மையே நோயுற்ற பக்கம் தள்ளிக்கொள்வர். நேராக இருப்பதாகவே எண்ணுவர். மாணாக்கர் மறுபக்கம் இழுப்பின் இன்னும் வலிந்து தள்ளுவர். செங்குத்தாய் நிற்கும் கதவுநிலையை நோக்கச் செய்து, தம் சாய்வைத் தாமே கண்டு திருந்த விடுதல் வேண்டும். இதனை ஒருமுறை கைதொட்டு அறிந்தவர் மறவார். வரிவரியாய் மனனம் செய்ததை மறுவாரமே மறந்தவர்களுள் நாமும் சேர்ந்தவர்களே.

இக்கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றபோது, இல்லந்தேடி அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் அதனுள் அடங்கிற்று. சிகிச்சையே வீடு தேடிச் செல்லுங்கால், பரீட்சை மட்டும் நாற்காலியை விட்டு எழாதிருத்தல் பொருந்துமோ? செய்முறைத் தேர்வு நடக்கும் அறையில் ஒரு பாயும் ஒரு மரப்படியும் இடவேண்டுமென்று தேர்வாளரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்; விழுந்தவரை எழுப்பும் வகையை மாணாக்கர் அங்கே செய்து காட்டட்டும். அவர்களும் விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும்போது, முதியவர் ஒருவர் பாயினின்று எழுகையில் எக்கையை முதலில் ஊன்றுகிறார் என்பதை உற்றுநோக்கி வருவாராக.