காலிக் கட்டத்தில் இருப்பது யார்?

எம்.ஃபில். படித்த காலத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாராட்டித்தான் பட்டம் கொடுத்தார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தீண்டாமை பற்றிய கள ஆய்வு. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு சேரியில் வீடு வீடாகப் போனேன். 'டீக்கடையில் உங்களுக்குத் தனிக் குவளையா?' என்று ஒரு கேள்வி. சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். நிறையப் பேர் வாயே திறக்கவில்லை. ஒரு அம்மா மட்டும், "அத ஏன் தம்பி கேக்குற? நாளைக்கும் அவங்க காட்டுலதான களையெடுக்கப் போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

துறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நெறியாளர் பார்த்தார். "என்னப்பா இவ்வளவு ஓட்டை? பதில் இல்லாததையெல்லாம் தூக்கிடு. டேட்டாவச் சுத்தம் பண்ணு" என்றார். பண்ணினேன். மிச்சம் இருந்தவர்களில் 'இல்லை' என்றவர்களே அதிகம். டீக்கடைத் தீண்டாமை குறைந்து வருகிறது என்று முடிவுரை எழுதினேன். அப்புறம் ஒரு கருத்தரங்கில் ஒருத்தர் என் அட்டவணையைக் காட்டி, 'கள ஆய்வே சொல்கிறது, இவர்கள்தான் ஊதிப் பெரிசாக்குகிறார்கள்' என்று பேசினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சுத்தம் பண்ணுவது என்றால் என்ன என்று நம் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். யார் அழுக்கை யார் அள்ளுவது என்பதில்தான் இந்தச் சாதிச் சமூகமே நிற்கிறது. ஆய்வுக் கூடத்துச் சுத்தத்தில் அள்ளிக் கொட்டப்பட்டதும் நாம்தான். கொட்டியவன் நான்.

அந்த அம்மா பேசாமல் போனதே ஒரு பதில். பயம் இருக்கிற வீட்டில்தான் கட்டம் காலியாகிறது. பயம் இல்லாதவர் தாராளமாகப் பேசுகிறார். பேசாதவரை நீக்கிவிட்டுப் பேசியவரை மட்டும் எண்ணினால் கணக்கு ஒரு பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

இன்று ஆய்வு செய்கிற தம்பி தங்கைகளே, முடிவுரைக்கு மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், 'தரவு' என்று இரண்டு பத்தியில் தள்ளிவிடுகிற அந்த அத்தியாயத்தை ஒழுங்காக எழுதுங்கள். களத்தில் நிரப்பிய தாளையும் முதலில் ஏற்றிய கோப்பையும் தொடாமல் வையுங்கள். திருத்தமெல்லாம் நகலில். கேட்டும் சொல்லாதவர், கேட்கப்படாதவர், தெரியாது என்றவர், கேள்வியே பொருந்தாதவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். பூச்சியம் போட்டுவிடாதீர்கள். கூலியைச் சொல்லாததும் கூலியே இல்லாததும் ஒன்றா? யாரை நீக்கினீர்கள், ஏன், நீக்கியதால் விடை எப்படி மாறியது என்று எழுதுங்கள். ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் அது எத்தனை பேரின் பதில் என்று போடுங்கள்.

எந்தப் பட்டியலிலிருந்து வீடுகளை எடுத்தீர்கள்? எந்த மாதம் போனீர்கள்? பொங்கல் கழிந்து குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவர் வீடு பூட்டிக் கிடக்கும். அதைத் தாண்டி அடுத்த வீட்டைத் தட்டினால், ரொம்பக் கஷ்டப்படுகிறவரே விட்டுப்போவார். கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார்? கேட்டவர் எந்தத் தெருக்காரர்? இதெல்லாம் தரவின் பகுதிதான்.

சராசரியை நம்பாதீர்கள். பத்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தரிடம் 20 ஏக்கர், ஒன்பது பேரிடம் ஒரு சென்ட்கூட இல்லை. சராசரி 2 ஏக்கர்! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பாருங்கள், பூச்சியம். இரண்டையும் எழுதுங்கள். ஊரையும் சேரியையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எஸ்.சி. என்று ஒரே கட்டம் போடுவதும் இப்படித்தான். தமிழ்நாட்டுப் பட்டியலில் பல சாதிகள் இருக்கின்றன. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல்தான் சட்டமானது. ஒரே கட்டத்துக்குள் மேடு பள்ளம் மறைந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கில் இங்கே பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 லட்சம், நூற்றுக்கு 20 பேர். அதில் தலித் கிறித்தவர் கிடையாது. 1950ஆம் ஆண்டு ஆணையில் 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதே சேரி, அதே குவளை, வேறு கட்டம். 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. கட்டத்தை யார், எப்படி வகுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்.

'நம் வலியை எண்ணித்தான் நிரூபிக்கணுமா?' என்று தோழர்கள் கேட்கலாம். கோபம் நியாயமானது. ஆனால் நாம் எண்ணாவிட்டால் அவர்கள் எண்ணுவார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரை அடித்துத் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றி ஐடா பி. வெல்ஸ் 1895இல் 'எ ரெட் ரெக்கார்ட்' எழுதினார். அவரே அடிமையாகப் பிறந்தவர். வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' தொகுத்த பட்டியலையே எடுத்துக்கொண்டார், எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் சொன்னார். 'கறுப்பர்கள் மிகைப்படுத்துகிறார்கள்' என்று யாரும் வாய் திறக்க வழியில்லை. கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதே ஒரு ஆயுதம்.

இன்னொன்று. கோப்பிலிருந்து பேரையும் வீட்டு எண்ணையும் எடுத்துவிடுங்கள். சின்ன ஊரில் 'பி.ஏ. படித்த ஒரே பெண்' என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள், அடி வாங்குவது அவர்கள்.

என் ஆய்வேடு இன்னும் நூலகத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வித்தாள் கட்டு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. இறக்கி வைத்துத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். சமர்ப்பிப்பதற்கு முன்னால் உங்கள் அட்டவணையை அதே தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். "எங்கள எங்கப்பா காணோம்?" என்று யாராவது கேட்டால், பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, திரும்ப எண்ணுங்கள்.