விரிப்பு தைக்கிறவங்களுக்குச் சுவர்க் கடிகாரம் எதுக்குய்யா?

நம்ம ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு மக்களே. யாராவது நமக்காக மாசக் கணக்குல உக்காந்து கையால ஒண்ணைச் செஞ்சு கொடுப்பாங்க. பதிலுக்கு நாம பாத்திரக் கடையிலயோ ஃபேன்ஸி ஸ்டோர்லயோ முதல்ல கண்ணுல படுறதை எடுத்து, ஜிகினா பேப்பர் சுத்திக் கொடுத்துட்டு, "கணக்கு முடிஞ்சது"ன்னு நடையைக் கட்டிடுவோம். சுவர்க் கடிகாரம், கண்ணாடி டம்ளர் செட், எவர்சில்வர் டிபன் கேரியர், ஒண்ணும் தோணலைன்னா ஸ்வீட் பாக்ஸ். இந்தப் பதிவு அந்த வழக்கத்துக்கு எதிரானது. குறிப்பா, பழஞ்சேலையில விரிப்பு தைச்சுக் கொடுக்குற பெரியம்மா, அத்தை, மதினிமாருக்கு நாம சொல்ற நன்றியோட லட்சணத்தைப் பத்தினது. எழுதுறவன் சாத்தூர் காராச்சேவு தின்னு வளர்ந்தவன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல விரிப்புன்னா என்னன்னு சொல்லிடுறேன். நாலஞ்சு பழைய பருத்திச் சேலையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேலாக்க டெய்லர் கடையில வாங்கின துண்டுத்துணியை ஒட்டுப் போட்டு, எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி நெருக்கமா ஓடுதையல் போட்டா விரிப்பு. கைப்பிள்ளையைக் கிடத்தலாம், குளிருக்குப் போர்த்தலாம், கட்டில்ல விரிக்கலாம். வெள்ளைக்காரன் குவில்ட்டுங்கிறான். வங்காளத்துல கந்தா, மகாராஷ்டிராவுல கோதடி, கர்நாடகாவுல கௌதி. வங்காளத்துக் கந்தாவும், நாம "கந்தையானாலும் கசக்கிக் கட்டு"ன்னு சொல்ற கந்தையும் ஒரே வேர்ச்சொல்தான். அங்க அந்தக் கந்தைக்கு 2008-ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு. இங்க அதுக்கு ஒரு ஒழுங்கான பேரு கூட நாம வைக்கலை.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்த கதை சிவகாசியில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்கத்தாவுல இருந்து வந்த தீக்குச்சிக்கு அவ்வளவு மரியாதை. கல்கத்தாக்காரன் மரியாதை கொடுக்குற கந்தைத் தையலை நம்ம வீட்டுலயே ஒருத்தங்க செஞ்சா, "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல ஏதோ தைச்சுட்டிருக்காங்க"ன்னு சொல்றோம்.

இந்தச் "சும்மா"வைத்தான் நான் விடுறதா இல்லை.

திருத்தங்கல்ல இருக்கிற என் பெரியம்மாவை எடுத்துக்குவோம். வயசுக் காலமெல்லாம் பட்டாசு ஆலை வேலை. அதுக்கு முன்னாடி வீட்டுல தீப்பெட்டிக் கட்டு ஒட்டுறது. பட்டாசு ஆலைக்குள்ள நைலானும் பாலியஸ்டரும் ஆகாது. உரசினா நிலைமின்சாரம் வரும், தீப்பிடிச்சா உருகி உடம்போட ஒட்டிக்கும். அதனால பருத்திதான் கட்டணும். அப்படிக் கட்டிக் கட்டி நைஞ்ச பருத்திச் சேலைங்கதான் பெட்டியில சேர்ந்து, பின்னாடி விரிப்பாச்சு. எங்க குடும்பத்துல பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒண்ணு போயிருக்கு. அதாவது, வேலைக்குப் போனவங்களைப் பாதுகாத்த துணியில பிள்ளைங்க தூங்குறாங்க.

இப்ப பொட்டி தட்டுறவன் பாணியில ஒரு கணக்கு. 7 அடி நீளம், 5 அடி அகலம்னு வைங்க. கிட்டத்தட்ட 213 சென்டிமீட்டருக்கு 152 சென்டிமீட்டர். ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசைன்னா 76 வரிசை. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு குத்துன்னா 76 x 213 = 16,188 குத்து. நாலஞ்சு அடுக்குத் துணியில நிமிஷத்துக்கு 10 குத்து போட்டா சுமார் 27 மணி நேரம். இது தையல் மட்டும்தான். துணி துவைச்சது, வெட்டினது, ஒட்டுப் போட்டது, அறுந்த நூலைத் திரும்பக் கோர்த்தது எதுவும் இதுல சேரலை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா ரெண்டு வாரம்.

இதுக்கு நாம கொடுக்குறது 300 ரூபாய் சுவர்க் கடிகாரம். 300-ஐ 27-ஆல வகுத்துப் பாருங்க. மணிக்கு 11 ரூபாய் சொச்சம்.

"எல்லாத்தையும் காசுல பாக்குறான் பாரு"ன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்க. சரி, காசை விட்ருவோம். எங்க சொந்தத்துல ஒருத்தர் பெங்களூர்ல இருந்து வந்தார். பிள்ளைக்கு வந்த விரிப்புக்கு நன்றின்னு சொல்லி, பெரியம்மாவுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்! ஆமாங்க, கம்பி மத்தாப்பு, சங்குச் சக்கரம், பூச்சட்டி எல்லாம் போட்டு மேல கலர் அட்டையில சிரிச்ச குழந்தைப் படத்தோட வருமே, அதேதான். வருஷம் பூரா அந்த டப்பாவை அடுக்கி அடுக்கியே இடுப்பு ஒடிஞ்ச மனுஷிக்கு. விலை குறைச்சல் இல்லை, ஆயிரத்துக்கு மேல இருக்கும். பெரியம்மா ரெண்டு கையாலயும் வாங்கி, "நல்லா இருப்பா"ன்னு சொன்னாங்க. அவங்க அப்படித்தான் சொல்வாங்க. அதனாலதான் நாம செய்யிறதுல இருக்குற தப்பு நமக்குத் தெரியிறதே இல்லை.

விலை இல்லைங்க பிரச்சினை. கொடுத்தவர் வாங்குறவங்களை ஒரு நிமிஷம் கூட நிமிந்து பாக்கலைங்கிறதுதான் பிரச்சினை. அவங்க என்ன வேலை பாத்தாங்க, என்ன தைக்கிறாங்க, எந்த வெளிச்சத்துல தைக்கிறாங்க, எதுவும் பாக்கலை. நம்ம ஆபீஸ்ல ராப்பகலா ஆணி புடுங்கி ரிலீஸ் பண்ணினதுக்கு கம்பெனி லோகோ போட்ட காபி மக்கை நீட்டினா எப்படிக் கொதிக்கிறோம்? அதையே வீட்டுல நாம செய்யும்போது மட்டும் அது அன்பளிப்பு ஆயிடுது.

இன்னொண்ணு கேக்குறேன். நம்ம பக்கம் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? 2003-ல யாரு கல்யாணத்துக்கு யாரு 501 எழுதினாங்கன்னு ஊர் பேரோட எடுத்துச் சொல்லுவோம். கூடப் போட்டுத் திருப்பிச் செய்யலைன்னா சண்டை வரும். தாய்மாமன் சீர்ல ஒரு தட்டு குறைஞ்சா பத்து வருஷம் பேசுவோம். அந்த நோட்டுல "இன்னார், விரிப்பு ஒண்ணு, 16,000 குத்து"ன்னு எங்கயாவது எழுதிப் பாத்திருக்கீங்களா? பொம்பளை கையால செஞ்சு கொடுத்தது கணக்குலயே வராது. காசு வந்தாத்தான் கணக்கு. ஏன்னா அது "பாசத்துல" செஞ்சது.

இந்தப் பாச வாதத்தைக் கொஞ்சம் பாப்போம். தீப்பெட்டி ஒட்டும்போது அதே கைக்குக் குரோஸ் கணக்கு இருந்துச்சு. 144 பெட்டிக்கு இவ்வளவுன்னு. கூலி குறைச்சல்தான், ஆனா எண்ணினாங்க. விரிப்பை யாரும் எண்ணலை. எண்ணாத வேலையில பாசம் இருக்கு, சரிதான். ஆனா அந்தப் பாசத்தைக் காட்டித்தான் அதுல இருக்குற வேலையை மறைக்கிறோம். பாசத்துல செஞ்சாங்கன்னா, பதிலும் பாசத்தோட, யோசிச்சு வரணும். யோசிக்காம வாங்கின பொருளைக் கொடுத்துட்டு "எல்லாம் பாசம்தானே"ன்னு சொல்றது சோம்பேறித்தனம்.

அடுத்த கோஷ்டி ஒண்ணு இருக்கு. "பெரியம்மா, இதை ஆன்லைன்ல வித்தா சூப்பரா போகும், நீங்க ஏன் விக்கக் கூடாது?" பாராட்டுறதா நினைச்சுச் சொல்றாங்க. ஆயுசு முழுக்க பீஸ் ரேட்டுக்கு வேலை பாத்தவங்க, முதல் தடவையா யாரும் எண்ணாம, யாரும் விரட்டாம, தன் இஷ்டத்துக்கு நிறம் பாத்து ஒண்ணைச் செய்யிறாங்க. அதையும் பீஸ் ரேட்டுக்குள்ள இழுத்து விடணுமா? விக்கணும்னு அவங்களே சொன்னா கூட நின்னு உதவுங்க. நல்ல விலை வையுங்க, பேரம் பேசாம வாங்குங்க. அவங்க கேக்காம இந்த யோசனை வேண்டாம்.

"பழந்துணிக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கேக்குறவங்களுக்கு: அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஆத்து வளைவுக் கிராமம். அடிமைகளா இருந்தவங்களோட பேத்திமார், வயக்காட்டுல போட்டு நைஞ்ச உடுப்பைக் கிழிச்சுத் தைச்ச குவில்ட்டுகள் 2002-ல ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துலயும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துலயும் தொங்கிச்சு. 2006-ல அந்த நாட்டு அஞ்சல்துறை தபால்தலையே போட்டுச்சு. நாம சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்'னு பெருமையாச் சொல்லிக்கிறோம். பெரிய ஜப்பான்ல வடக்கத்திக் குடியானவங்க ஒட்டு மேல ஒட்டுப் போட்டுத் தைச்ச 'போரோ' துணியைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காட்டுறாங்க. நம்ம வீட்டு விரிப்பை மியூசியத்துல வைக்கச் சொல்லலை. அது வேலை, அதுல அறிவு இருக்குன்னு ஒத்துக்கச் சொல்றேன்.

சரி, திட்டினது போதும். என்னதான் கொடுக்கணும்?

தைக்கிறவங்க கையைப் பாருங்க, அதுக்கும் முன்னாடி கண்ணைப் பாருங்க. நாப்பது, நாப்பத்தஞ்சு தாண்டினா ஊசியில நூல் கோர்க்கிறது பெரும்பாடு. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு பத்து ஊசியில மொத்தமாக் கோர்த்து வாங்கி வெச்சுக்குவாங்க. கூட்டிட்டுப் போய்க் கண்ணைச் சோதிச்சு, கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட்டு விடுங்க. மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல இருந்து இருக்கு. சிவகாசியில இருந்து போயிட்டுத் திரும்ப ஒரு பகல் போதும். அந்த ஒரு பகல் லீவு போடுங்க, அதுவே பாதி நன்றி. கூடவே கழுத்தை வளைச்சுத் திருப்புற மாதிரி ஒரு எல்.இ.டி. விளக்கும், நூல் கோர்க்குற கருவி நாலும். கருவி பத்து இருபது ரூபாய்தான்.

கத்தரி கொடுக்கலாம். மீரட் கத்தரிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. சாணை பிடிச்சுப் பிடிச்சு வருஷக் கணக்குல ஓடும். கொடுக்கும்போதே வீட்டுல எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை விடுங்க: இதுல பால் பாக்கெட்டும் பேப்பரும் வெட்டுறவன் தொலைஞ்சான். கத்தரி கொடுத்தா உறவு அறுந்துடும்னு நினைக்கிற வீடா இருந்தா, பதிலுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கோங்க.

நூல் வாங்குறதா இருந்தா நம்பர் பாத்து வாங்குங்க. நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. பருத்திக்குப் பருத்தி நூல். அவங்க வெச்சிருக்கிற பழைய நூல்கண்டை ஒரு போட்டோ எடுத்துட்டுப் போய் அதையே வாங்கினா தப்பே வராது.

துணி கொடுக்கணும்னு ஆசையா? பளபளன்னு பட்டு வேண்டாம். ஊசிக்கும் ஆகாது, துவைக்கவும் ஆகாது. பாலியஸ்டர் கூடவே கூடாது. நம்ம ஊர் வெயில்ல அதுல படுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும். அருப்புக்கோட்டைப் பருத்திச் சேலை இருக்கு. 2005-ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை சுங்குடி இருக்கு. நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுங்க, ஆனா வெட்டச் சொல்லாதீங்க. முதல்ல அவங்க கட்டிக்கட்டும். இன்னும் பத்து வருஷம் கழிச்சு அது தானா விரிப்புக்கு வரும். உங்க வீட்டுப் பழைய பருத்திச் சேலைங்க இருந்தா துவைச்சு, சாயம் போகுதான்னு ஈர வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாத்து, மடிச்சுக் கொண்டு போங்க. சாயம் போற ஒரு துண்டு போதும், ரெண்டு வார வேலை மொத்தமும் பாழ்.

இது எதுவும் தெரியலைன்னா ஒரு சுலபமான வழி இருக்கு. கேளுங்க. "உங்களுக்குத் தைக்கிறதுக்கு என்ன குறையுது பெரியம்மா?" முதல்ல "ஒண்ணும் வேண்டாம்பா"ன்னுதான் வரும். ரெண்டாவது தடவையும் அதுதான் வரும். மூணாவது தடவை பக்கத்துல உக்காந்து கேட்டா உண்மை வரும்.

கடைசியா ஒண்ணு. விரிப்பை பீரோவுக்குள்ள பாச்சா உருண்டை போட்டுப் பூட்டி வைக்கிறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. "அழுக்காயிடும்ல"ங்கிறாங்க. அழுக்காகத்தான்யா தைச்சாங்க! விரிங்க, பிள்ளையைப் போடுங்க, மூத்திரம் போகட்டும், துவைச்சுக் காயப் போடுங்க, நைஞ்ச இடத்தை அவங்ககிட்டயே கொண்டு போய் ஒட்டுப் போடச் சொல்லுங்க. ஓரத்துல சின்னதா ஒரு வெள்ளைத்துணி வெச்சு, தைச்சவங்க பேரையும் வருஷத்தையும் நூலால எழுதச் சொல்லுங்க. அவங்களுக்கு எழுதக் கூச்சமா இருந்தா நீங்க எழுதிக் கொடுங்க, அவங்க அது மேல தைக்கட்டும். மொய் நோட்டுல ஏறாத அந்தப் பேரு, அங்கயாவது ஏறட்டும்.

டிஸ்கி: சுவர்க் கடிகாரக் கடைக்காரங்க மேல எனக்கு எந்தக் காண்டும் இல்லை. புது வீட்டுக்குக் கொடுங்க, தாராளமாக் கொடுங்க. உங்க ஊர்ல இந்த விரிப்புக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. அதையாவது சேர்த்து வைப்போம். :-)